கடல் குழாய்க்கு வைத்த பொட்டு

எனக்கும் கடலுக்கும் ஆகாது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து மகாபலிபுரம் போனோம். நான் ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது ஓர் அலை வந்து என் இடது கால் செருப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. புதுச் செருப்பு! ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் கழற்றி, "இந்தா, இதையும் நீயே போட்டுக்க!" என்று கடலைப் பார்த்து விட்டெறிந்தேன். என் குணம் என்னவென்று அன்றைக்கே தனக்குத் தெரிந்துவிட்டதாக மாமியார் பிற்பாடு சொன்னார். வெறுங்காலோடு பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். கடலைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்படிப்பட்டவள் கடலை வைத்து மலைக்கோயிலில் வேண்டுதல் வைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? கடலுக்காக வேண்டிக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது. கடல்மேல் பழி விழட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே செய்வதில் முக்கால்வாசி வண்டிகளுக்கான உதிரிபாகம். நான் தரச் சோதனை, அதாவது க்யூசி. அளந்து பார்த்து, துடைத்துப் பார்த்து, பெட்டிமேல் 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டி, அதில் என் கையெழுத்தைப் போடுவேன். பதினேழு வருடமாக ஒட்டுகிறேன். என் கையெழுத்தோடு போன பெட்டி திரும்பி வந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விடுவார்.

ஷெட்டின் கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் நாங்கள் கடல் குழாய் செய்கிறோம். கை நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். ஒரு முனையில் வட்டமாக ஒரு கண்ணாடி, மறு முனையில் வயர். இதைக் கடலில் ஒரு மிதவையில் கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். அது கண்ணாடி வழியாக நீல வெளிச்சம் அடிக்கும். கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி மிதந்துகொண்டிருக்குமாம். நீல வெளிச்சம் பட்டால் அது லேசாகச் சிவப்பாக மினுங்கும். எவ்வளவு மினுங்குகிறது என்று குழாய் எண்ணிச் சொல்லும். கடலில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு.

இதை எங்களிடம் செய்யச் சொன்னது ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்து மேடம். முப்பத்தைந்து வயது இருக்கும், மெட்ராஸ்காரப் பெண். அந்தப் பாசிக்கு பைட்டோபிளாங்டன் என்று பெயர் சொன்னார். அறையில் குழாய் கடைகிற எங்கள் லேத் அண்ணன் பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "மனக்கு எந்துக்கும்மா இந்தப் பேரு, பாசிக்குட்டின்னு வச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார். மேடமும் அப்புறம் பாசிக்குட்டி என்றுதான் சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. மேடத்துக்குக் கப்பலில் ஏறினால் வாந்தி வரும். அண்ணன் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்குச் செருப்பு விவகாரம்.

வந்தது ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. முதல் நாளே மெஷின்களை எண்ணெய் போகக் கழுவி, ஸ்பானர், வெர்னியர், சுத்தியல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைப்போம். பூஜை முடிந்தால் மறுநாள் காலை மறு பூஜை போடும் வரைக்கும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. ஒரு போல்ட்டைத் திருகக்கூடாது. அது சாமியின் ஓய்வு நேரம்.

பொட்டு வைக்கிற உரிமை லேத் அண்ணனுடையது. வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மறு கையில் குங்குமம், கிளம்பினால் நிறுத்த முடியாது. லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர், காபி மெஷின், தீயணைக்கும் சிலிண்டர், முதலாளியின் கம்ப்யூட்டர் மவுஸ், கேண்டீன் கரண்டி. ஒரு வருடம் மேஜைமேல் முதலாளி கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடிக்கும் வைத்துவிட்டார். ஒன்று விட்டுப்போனாலும் அது அந்த வருடம் பூராவும் முறைத்துக்கொண்டு நிற்கும் என்பது அவர் சித்தாந்தம். அன்றைக்கு அனுப்பத் தயாராக இருந்த கடல் குழாயையும் பூஜை வரிசையில் வைத்திருந்தோம். பக்கத்திலேயே நீல வெளிச்சத்தில் எப்போதும் ஒரே அளவு மினுங்குகிற என் சோதனை அட்டை, கண்ணாடி துடைக்கிற தாள், ஸ்பிரிட் பாட்டில். அவற்றுக்கும் பொட்டு.

மூன்று மணிக்கு வாசலில் ஹாரன். நிலையத்து வேன். இரண்டு நாள் கழித்து வரவேண்டியது. கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறதாம், குழாய் உடனே வேண்டுமாம். மேடமே போனில், "ப்ளீஸ்க்கா, இந்தக் கப்பலை விட்டா வருஷமே போயிடும்" என்றார்.

எங்கள் முதலாளி கன்னடக்காரர், அத்திப்பள்ளியிலிருந்து தினமும் ஜூஜுவாடி டிராஃபிக்கைத் தாண்டி வருகிறவர். அந்த டிராஃபிக்கில் இருந்தே மனிதருக்குப் பொறுமை வந்துவிட்டது. அவர் யோசித்தார். "குழாய் நம்ம கருவி அல்ல, சரக்கு. சரக்கை எடுக்கலாம். தோஷ இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சரி, சரக்கை எடுக்கலாம். ஆனால் என் சோதனை அட்டை கருவி. துடைக்கிற தாள் கருவி. ஸ்பிரிட் பாட்டில்கூடக் கருவி. தொடக்கூடாது. அனுப்பும் முன் கடைசியாக ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்து, அட்டையைக் காட்டி, எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அதை எதைக் கொண்டு செய்வது?

முந்தின நாள் சாயங்காலம்தான் பார்த்தேன், சரியாகத்தானே இருந்தது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். அண்ணன் குழாயைத் தூக்கி டேப் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி வேன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு வேன் போனது. பதினேழு வருடத்தில் பார்க்காமல் ஒட்டிய ஸ்டிக்கர் அது ஒன்றுதான்.

அந்த மார்கழி ஓசூரில் மார்கழியாகவே இல்லை. எங்கள் ஊரில் அந்த மாதம் காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் குல்லாயும் ஸ்வெட்டருமாக, கண் மட்டும் தெரிய வருவார்கள். அந்த வருடம் ஃபேன் ஓடியது. ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை. போர்வை துவைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

பொங்கல் கழிந்து மேடம் போன் செய்தார்.

"அக்கா, குழாய் போட்டிருக்கற அரபிக்கடல்ல மார்கழியிலிருந்து பச்சை ஏறணும். மத்த வருஷமெல்லாம் ஏறும். இந்தத் தடவை குழாய் அனுப்புற எண் தரையோட தரையா கிடக்குது."

ஏன் ஏறணும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பாசிக்குட்டிகளுக்கு வெயில் மேலே இருக்கிறது, தீனி அடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து குளிர்ந்த காற்று அடித்தால் அரபிக்கடலின் மேல் தண்ணீர் ஆறிக் கனத்து உள்ளே இறங்கும், அடித் தண்ணீர் தீனியோடு மேலே வரும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கேண்டீன் சாம்பாரும் அப்படித்தான். பருப்பெல்லாம் அடியில் கிடக்கும். பரிமாறுகிறவன் கரண்டி விட்டுக் கலக்கினால்தான் நமக்குப் பருப்பு. கலக்காவிட்டால் மஞ்சள் தண்ணீர்.

"அதேதான்க்கா! பசிபிக் பக்கம் சூடு ஏறின வருஷம் இது. இங்க காத்து மாறிப்போச்சு. மேல் தண்ணி ஆறவே இல்லேன்னா கலக்க ஆளில்ல. ஆனா இவ்வளவு கொறையுமான்னு நம்ப முடியல. மேல இருந்து செயற்கைக்கோள் பாக்கும், ஆனா அது மேல்தோலைத்தான் பாக்கும். உள்ள இருக்கறதை உங்க குழாய்தான் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அனுப்பறப்ப கண்ணாடி க்ளீனாத்தான இருந்துச்சு?"

"பளிச்சுன்னு இருந்துச்சுங்க மேடம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அன்றைக்குப் பார்க்காமல் ஒட்டிய ஸ்டிக்கரும் அண்ணனின் சந்தனக் கிண்ணமும் ஞாபகம் வந்தன.

நேராக அண்ணனிடம் போனேன். லேத்தை நிறுத்தச் சொன்னேன்.

"ண்ணா, ஆயுத பூஜையன்னிக்கு அந்தக் குழாய்க்கு எங்க பொட்டு வச்சீங்க?"

"எங்க வப்பாங்க? நெத்திலதான்."

"குழாய்க்கு நெத்தி எது?"

அண்ணன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "கண்ணாடி இருக்குதே, அது மொகம். அப்போ நெத்தி..." என்று சொல்லி நிறுத்தினார். அவர் முகம் மாறிவிட்டது. "தேவுடா! மொகத்துலயே வச்சுட்டனா?"

"அத நீங்கதான சொல்லணும்!"

"அன்னிக்கு அறுபது எழுபது சாமானுக்கு வச்சன்மா. கை பாட்டுக்கு வச்சுக்கினே போச்சு. இதுக்கு இங்கன்னு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"ஒரு குழாய்க்கு மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாம என்னாத்துக்குங்க பொட்டு வைக்கிறீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் கம்ப்ரசர் பக்கம் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் பதிலுக்கு, "நீ ஸ்டிக்கர் ஒட்டறப்ப பாத்து ஒட்டியிருக்கலாம்ல?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

விஷயம் முதலாளிக்குப் போனது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த ஒரு குழாய் நன்றாக வேலை செய்தால் இன்னும் பன்னிரண்டு குழாய் நம்மிடமே என்று நிலையம் சொல்லியிருந்தது. தப்பு நம்முடையது என்றால் அந்தப் பன்னிரண்டும் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விடும். கண்ணாடி அறையை மூட வேண்டியதுதான். அண்ணன் பழையபடி வண்டிகளுக்குப் புஷ் கடைவார். நான் என்ன செய்வேன்? பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவளை எந்தக் கம்பெனியில் க்யூசியாக வைத்திருப்பார்கள்? நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

"மேடம்கெ ஈக ஏனும் ஹேள்பேடா" என்றார் முதலாளி. இப்போதைக்கு மேடத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாமாம். "அப்படியே கேட்டாலும் பொட்டுன்னு சொல்லாதே. இயற்கையான பூச்சுன்னு சொல்லு."

முதலில் பொட்டினால் எண் குறைகிறதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அதே அச்சில் செய்த இன்னொரு குழாய் எங்களிடம் இருந்தது. கடல்தான் இல்லை. ஓசூரில் கடலுக்கு எங்கே போவது? கேண்டீனில் நீல டிரம் ஒன்றைக் கெஞ்சி வாங்கினோம். மேடம் எப்போதோ சொன்ன அளவில், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்று கல்லுப்பை நிறுத்துக் கொட்டினேன். பாசிக்கு அண்ணன் கம்பெனி வேனில் இரண்டு தண்ணீர் கேன்களோடு ஏரிக்குப் போனார். எங்கள் ஏரி பச்சை பெயின்ட் டப்பாவைத் திறந்தது மாதிரி இருக்கும். கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர், இந்தத் தண்ணீரை எந்த ஹோட்டலுக்குக் கொண்டுபோகிறாய் என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். அந்த ஹோட்டலுக்கு இனிமேல் போகக்கூடாது என்று அவருக்குக் கவலை.

அந்த ஏரித் தண்ணீரில் குழாயை அப்படியே விட்டதும் எண் ஏறி, ஏறி, மேல் எல்லையில் போய் முட்டி நின்றுவிட்டது.

"பாத்தியாம்மா! அரபிக்கடல் என்னா, நம்ம ஏரி முன்னாடி நிக்குமா?" என்றார் அண்ணன். அவருக்கு உள்ளூரப் பெருமை.

அதை உப்புத் தண்ணீரில் ஒரு செம்பு ஊற்றிக் கலக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டோம். அப்புறம் அண்ணன் கை கழுவி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயின் கண்ணாடிமேல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். சோதனைக்கு வைக்கிற பொட்டாக இருந்தாலும் பொட்டு பொட்டுதானாம். காயவிட்டு டிரம்முக்குள் இறக்கினோம். எண் ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உப்புத் தண்ணில ஊறிக் கரைஞ்சிடும்மா, ரெண்டு நாள் விட்டுப் பாப்பம்" என்றார் அண்ணன். விட்டோம். மூன்றாம் நாள் காலையில் ஷெட் கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஏரிப் பாசி நல்ல தண்ணீர்ப் பாசி. உப்பில் போட்டால் செத்து அழுகிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எண் இன்னும் கீழே இறங்கியிருந்தது. அது பொட்டினாலா, பாசி செத்ததாலா, சொல்ல முடியாது. சந்தனம் கரைந்துவிட்டது, குங்குமம் மட்டும் கண்ணாடியில் கறையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கேண்டீன்காரர் வந்து, டிரம்மைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மேடத்தின் குரல்தான் காதில் கேட்டது. க்ளீனாத்தான இருந்துச்சு? ஐந்தாம் நாள், வேலைக்குப் போகிற வழியிலேயே பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்று போன் செய்துவிட்டேன். முதலாளியைக் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

"மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டன். கண்ணாடியை நான் பாக்கவே இல்ல. ஆயுத பூஜையன்னிக்கு அதுக்குப் பொட்டு வச்சிருக்காங்க."

"பொட்டுன்னா... சந்தனம் குங்குமமா?"

"ஆமாங்க."

"கண்ணாடி மேலயா?"

"அதாங்க தெரியல. நெத்தியில வச்சேன்றாரு. நெத்தி எதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு! டிரம் கதையையும் சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, நீங்க சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா" என்றார். பொட்டாக இருக்கலாம் என்று எழுதி வைத்துக்கொள்வதாகவும், சித்திரையில் கப்பல் போய்க் குழாயை எடுத்து வரும்வரை யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். அவர் குரலில் ஏதோ பெரிய நிம்மதி இருந்தது. மூன்று வருடமாக இந்த மாதிரி ஒரு சூடான வருடத்தை அளந்து பார்க்கக் காத்திருந்த பெண்ணின் வேலையை நாங்கள் நாசம் செய்திருக்கிறோம், இவளுக்குச் சந்தோஷம் பொங்குகிறதே, இது என்ன கூத்து? என் வயிறு எரிகிறது, இவளுக்குச் சிரிப்பு என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ஆயித்து, ஹேளிபிட்டெ", ஆச்சு, சொல்லிட்டே என்று மட்டும் சொல்லிவிட்டு மவுஸில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பழைய குங்குமத்தை நகத்தால் சுரண்டினார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை மலைக்கோயிலுக்குப் போனேன். முழங்கால் வலியோடு படி ஏறி, சாமி முன்னால் நின்று வெளிப்படையாகவே பேசினேன். 'பொட்டு கண்ணாடி மேல இருக்கக்கூடாது. தப்பு எங்களுதா இருக்கக்கூடாது. கடலோட தப்பா இருக்கட்டும். அது பெரிய ஆளு, தாங்கிக்கும். என்னால முடியாது. அப்படி ஆச்சுன்னா பதினோரு தேங்காய் உடைக்கிறேன்.' வேண்டிக்கொண்டபோது அந்தச் செருப்பு ஞாபகமும் வந்தது. கடல் எனக்கு ஒன்று தரவேண்டியிருக்கிறது என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். வாரா வாரம் போனேன். அர்ச்சகருக்கே என் கோரிக்கை மனப்பாடம் ஆகியிருக்கும்.

வீட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் வண்டியில் மங்களூர் மத்தி கொண்டுவருவார். பங்குனியில் அவர் பெட்டியில் மத்தி இருந்தால் விரல் நீளம்தான் இருந்தது, பல வாரம் அதுவும் இல்லை. "மத்தி எங்க?" என்று கேட்டால், "கடல்லயே இல்லக்கா" என்பார். "நல்லதையெல்லாம் பெங்களூர்ல வித்துட்டு மிச்சத்த எங்க தலையில கட்டறீங்களா?" என்று நான் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு வீட்டு வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சித்திரை மாதம் மேடம் குழாயை எடுத்துக்கொண்டு அவரே ஓசூர் வந்தார். எங்கள் கண் முன்னால்தான் திறப்பேன் என்றார். காலையில் நான் வரும் வழியிலேயே பதினோரு தேங்காயைப் பேரம் பேசி வாங்கிப் பையோடு கேட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நல்ல செய்தி வந்தால் அப்படியே மலைக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. பெட்டியைத் திறந்ததும் கடல் வாசனை ஷெட் பூராவும் ஏறியது. குழாய் உடம்பெல்லாம் சிப்பி ஒட்டி, பார்க்கவே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைச் சுற்றி மட்டும் சிப்பி அண்டாத செம்பு வளையம் இருப்பதால் அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு கறை இல்லை. சோதனை அட்டையைக் காட்டினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் எழுதி வைத்திருந்த அதே எண், புள்ளி மாறாமல் வந்தது. இன்னொரு தடவை காட்டினேன். அதே எண்.

"அப்போ பொட்டு எங்க?" என்றார் முதலாளி.

அண்ணன் வயர் முனையில் சுற்றியிருந்த டேப்பை உரித்தார். டேப்புக்கு அடியில், மூடியின்மேல், ஆறு மாதம் கடலில் கிடந்தும் அழியாமல் வட்டமாகச் சிவப்புக் கறை. அண்ணன் துள்ளிக் குதித்தார். "பாத்தியாம்மா! வயர் வர்ற பக்கம்தான் தலை! குடுமி இருக்கற பக்கம்தான தலை! நான் நெத்தியிலதான் வச்சன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"குடுமின்னு எப்பங்க சொன்னீங்க?" என்று சண்டை போட வாயெடுத்து, முடியாமல் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. முதலாளி மைசூர் பாக்கு வாங்க ஆள் அனுப்பினார். பக்கத்து ஷெட்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு குழாயும் நமக்குத்தான் என்று முதலாளி கன்னடம், தமிழ், தெலுங்கு என மூன்றிலும் சொன்னார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, "என் ஸ்டிக்கர் பொய் சொல்லாது" என்று யாரிடமோ சொன்னேன். ஆறு மாதமாகச் சொல்ல முடியாமல் இருந்த வார்த்தை அது.

அப்போதுதான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்த மைசூர் பாக்கு அப்படியே இருந்தது. சோதனை அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் தானே ஒரு தடவை பிடித்து எண்ணைப் பார்த்தார். எடுத்தார். மறுபடி பிடித்தார்.

"என்னாங்க மேடம், குழாய் சரியாத்தான் இருக்குது. நீங்க சந்தோஷப்படணும்ல?" என்றேன்.

"குழாய் சரியா இருக்குக்கா. அப்போ அது சொன்னதெல்லாம் நெசம்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நீங்க போன் பண்ண அன்னிலேர்ந்து, உங்க பொட்டாவே இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். பொட்டுன்னா தொடச்சிடலாம்ல."

மத்தி இல்லாததற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். அதற்குப் பல காரணம் இருக்கும், இதுவும் ஒன்றாக இருக்கலாம், பாசிக்குட்டியைத்தானே மத்தி தின்னும் என்றார். பசிபிக் ஆறினால் அடுத்த வருடம் பச்சை திரும்பி வரலாம். ஆனால் இப்படிச் சூடேறுகிற வருடங்கள் இனிமேல் எத்தனை வரும் என்று தெரியவில்லை என்றார். அப்புறம் மைசூர் பாக்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு குழாயும் சீக்கிரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வேனுக்கு எலுமிச்சம்பழம் வைக்க முதலாளி மறந்துவிட்டார்.

அன்றைக்கு மலைக்கோயில் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன்காரர் வந்தார். மத்தி இல்லை என்றார். சரிங்க என்றேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமல், எனக்கு உடம்பு சரியில்லையா என்று நின்று விசாரித்தார்.

தேங்காய்ப் பை சமையலறை மூலையில் இருக்கிறது. நேர்ந்துகொண்ட தேங்காய், சட்னிக்கு எடுக்கக்கூடாது. இதை எப்பத்தான் கொண்டுபோய் உடைக்கப் போற என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். நான் கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது. தப்பு எங்களுடையது இல்லை. அதற்கு நன்றி சொல்லிச் சாமி முன்னால் போய்த் தேங்காய் உடைக்க எனக்குத்தான் இன்னும் கால் வரவில்லை.